இருநூறு ரூபாய்த் தண்டோரா

விளம்பரம் செய்கிறவர்களைக் கண்டால் நமக்கு நெடுநாளாக ஓர் இளக்காரம் உண்டு. "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்டுவிட்டு, ஏதோ பெரிய தத்துவத்தைச் சொல்லிவிட்டதுபோல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக் கொள்வோம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு இப்படிப் பேசுவது சுலபம். மாதம் பிறந்தால் சம்பளம் வந்து விடுகிறது. வாடிக்கைக்காரர்களாகிய பிள்ளைகளோ, நாம் வருந்தி அழைக்காவிட்டாலும் வருஷந்தோறும் வந்து சேர்ந்து விடுகிறார்கள்.

ஆனால், பூக்கடை தெருமுனையில் இருந்தால்தானே வாசனை மூக்கில் ஏறும்? கடை ஒரு வீட்டின் பின்கட்டிலும், வாங்க வேண்டியவர் ஐந்நூறு மைலுக்கு அப்பாலும் இருந்தால், பாவம், மல்லிகைப் பூதான் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு நாம் ஒரு தங்க வளையலைப் பணயம் வைத்து விடை தேட நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

நம் தமக்கையார் மதுரையில் தெப்பக்குளத்துப் பக்கம் வசிக்கிறார். அத்தான் காலமான பிறகு அவருக்கு மிஞ்சிய ஆஸ்தி ஒரு பழைய வீடு, சாயம் காய்ச்சும் இரண்டு அண்டாக்கள், சுங்குடிச் சேலை வியாபாரம், அவ்வளவுதான். சுங்குடியைப் பற்றி நம் நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணியில் சின்னஞ்சிறு முடிச்சுகளாக நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், இருட்டு வானத்தில் நட்சத்திரம் பூத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் தொழில் இது. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த நாலு பெண்கள் தமக்கையாருக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு வேண்டியிருப்பதால், நாலு பேரும் சேர்ந்து மாதத்துக்கு இருபது, இருபத்தைந்து சேலைதான் தேறும்.

இந்தச் சேலைக்குச் சத்துரு யார் தெரியுமா? அதே புள்ளிகளை அச்சில் ஒற்றி எடுத்த சேலைதான். முடிச்சுச் சேலை 1,450 ரூபாய் என்றால் அச்சுச் சேலை அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. கடைக்காரர்கள் அச்சுச் சேலையையே கேட்டார்கள். தமக்கையாரிடம் வாங்கிக் கொண்டிருந்த கடைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. மருமான் பெங்களூருக்கு உத்தியோகத்துக்குப் போவதற்கு முன்னால், அம்மாவின் சேலைகளுக்காக ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். தளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நடுக்காட்டில் நல்ல பலகாரக் கடை திறந்து வைத்தாற்போல் இருந்தது அதன் நிலைமை.

2024ஆம் வருஷம் ஆனி மாதத்தில் தமக்கையார் தம் கை வளையல் ஒன்றைப் பாங்கில் வைத்து 20,000 ரூபாய் வாங்கினார். அதில் 14,000 ரூபாய் துணிக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் போயிற்று. பாக்கி 6,000 ரூபாயை நம் கையில் கொடுத்து, "தம்பி, கூகிளில் பணம் கட்டினால் சேலை தேடுகிறவர்களுக்கு நம் பெயரைக் காட்டுவார்களாமே? நீ கணக்கு வாத்தியார். நீதான் பார்த்துச் செய்ய வேண்டும்" என்றார்.

கணக்கு வாத்தியார் என்ற பட்டத்தைக் கேட்டதும் நமக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவே கணினி முன் உட்கார்ந்து விட்டோம்.

இந்த விளம்பர முறையின் சூட்சுமத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். பத்திரிகையில் விளம்பரம் செய்தால், பார்த்தவர், பாராதவர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். இதிலோ, ஒருவர் ஏதாவது ஒரு சொல்லைத் தேடும்போதுதான் விளம்பரம் தலைகாட்டும். அவர் அதைக் கிளிக் செய்து நம் தளத்துக்குள் வந்தால் மட்டுமே காசு. 1998ஆம் வருஷம் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் ஆரம்பித்த 'கோடூ' என்ற தேடுதளம் இந்த முறையை நடப்புக்குக் கொண்டு வந்தது. அங்கே சொற்கள் ஏலத்துக்கு விடப்பட்டன. அதிகத் தொகை கேட்டவருக்கு முதல் இடம். கூகிள் 2000ஆம் வருஷத்தில் விளம்பரம் ஏற்கத் தொடங்கி, 2002இல் கிளிக்குக்குக் காசு என்ற ஏலத்துக்கு வந்தபோது ஒரு மாறுதல் செய்தது. அதிகத் தொகை மட்டும் போதாது. விளம்பரத்தைப் பார்க்கிறவர்கள் அதை விரும்பித் தொடுகிறார்களா என்பதையும் பெருக்கிப் பார்த்து இடம் கொடுத்தது. இன்றைக்கும் தேடும் சொல்லுக்கு விளம்பரம் பொருந்துகிறதா, வருகிறவர்களுக்குத் தளம் உபயோகப்படுகிறதா என்பனவெல்லாம் சேர்ந்துதான் இடம் தீர்மானமாகிறது. அதனால் பொருத்தமான விளம்பரம் தந்த ஏழை, பொருந்தாத விளம்பரம் தந்த பணக்காரரைவிடக் குறைந்த காசில் மேலே நிற்க முடியும். அது மட்டுமல்ல, நாம் கேட்ட உச்சத்தொகை முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. நமக்குக் கீழே நிற்பவரை வெல்லவும், அந்த இடத்துக்குரிய குறைந்தபட்ச வரம்பைத் தொடவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் படித்ததும், "ஆகா, இது ஏழைகளுக்கென்றே ஏற்பட்ட ஏலம்!" என்று பூரித்துப் போனோம். தினம் 200 ரூபாய் என்று வரம்பு வைத்தோம். சொற்கள் என்ற இடத்தில் 'சுங்குடி சேலை', 'பருத்திச் சேலை', 'மதுரை சேலை' என்று எழுதினோம். மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும், ஏற்கெனவே குறியிட்டிருந்த விடைகளையே ஒப்புக் கொண்டு, கடைசிப் பொத்தானை அழுத்தினோம். பரீட்சையில் இப்படி விடை எழுதும் பையனை நாம் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்போம்!

முதல் அதிர்ச்சி பணம் கட்டிய கையோடேயே வந்தது. கட்டிய 6,000 ரூபாயில் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வரியாக 915 ரூபாய் கழிந்து, விளம்பரத்துக்கு நின்றது 5,085 ரூபாய்தான். வரிப் பதிவுள்ள வியாபாரிகள் இந்த வரியைத் தங்கள் கணக்கில் ஈடு செய்து கொள்ள வழியுண்டு; பதிவில்லாத சிறு வியாபாரிக்கு அது முழுச் செலவேதான்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், முதல் நாள் கணக்கில் 390 ரூபாய் செலவாகியிருந்தது. வரம்போ 200 ரூபாய். நமக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிடும் போலிருந்தது. பிறகு விதிகளைப் படித்துத் தெரிந்து கொண்டோம். தேடுகிறவர்கள் அதிகமான நாளில் வரம்பைப் போல் இரண்டு மடங்கு வரை செலவாகலாம். மற்ற நாட்களில் குறையும். மாதம் முழுவதற்கும் தினசரி வரம்பைப் போல் 30.4 மடங்குக்கு மேல் போகாது. 365ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், இந்த 30.4 எங்கிருந்து வந்ததென்று விளங்கும். கணக்கு சரியாக இருந்ததில் நமக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது. ஆறுதலுக்குச் சேலை விற்காது என்பது அப்போது தோன்றவில்லை.

அடுத்தபடியாக நாம் செய்த பிசகைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் விளம்பரம் கூகிளில் வருகிறது என்ற பெருமை தாங்காமல், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் போய் அதைப் பிரஸ்தாபித்தோம். சக ஆசிரியர்கள் பதினான்கு பேரும் உடனே கைபேசியை எடுத்துத் தேடி, விளம்பரத்தைக் கிளிக் செய்து, "பேஷ், பேஷ்!" என்று பாராட்டினார்கள். ஒரு கிளிக் சராசரி 6 ரூபாய். பதினான்கு ஆறு எண்பத்து நாலு. எண்பத்து நாலு ரூபாய்க்குப் 'பேஷ்' வாங்கிய உபாத்தியாயர் தமிழ் நாட்டில் நாம் ஒருவராகத்தான் இருப்போம். விளம்பரம் எப்படித் தோன்றுகிறது என்று காசில்லாமல் பார்ப்பதற்கென்றே ஒரு முன்னோட்ட வசதி அதே தளத்தில் இருக்கிறது. நேயர்கள் யாராவது இந்த வேலையில் இறங்கினால் முதலில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்களாக.

இருபத்தாறாம் நாள் பணம் தீர்ந்தது. கணக்கைத் திறந்து பார்த்தோம். மொத்தம் 847 கிளிக். அதற்கு அடுத்த பத்தியில், 'பலன்' என்ற தலைப்பின் கீழ் 802 என்று இருந்தது. 802 பலன்! சேலைகள் விற்றுத் தீர்ந்துவிட்டன என்றே நினைத்தோம். நாலு பெண்கள் எப்படி இத்தனை சேலைக்கு முடிச்சுப் போடுவார்கள் என்ற கவலையுடன் தமக்கையார் வீட்டுக்கு ஓடினோம்.

தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். "மாதம் பிறந்தபோது இருபத்து நாலு சேலை அடுக்கினேன். நீயே எண்ணிப் பார்" என்றார்.

எண்ணினோம். இருபத்து மூன்று இருந்தன.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. 'பலன்' என்றால் எதைக் கணக்கில் எடுப்பது என்று அந்த இயந்திரத்துக்கு நாம்தான் சொல்ல வேண்டும். பணம் கட்டியாயிற்று என்று நன்றி சொல்லும் பக்கத்தில் வைக்க வேண்டிய குறியை, நாம் முகப்புப் பக்கத்தில் வைத்துவிட்டோம். வாசற்படியில் கால் வைத்தவர்களையெல்லாம் அது சேலை வாங்கியவர்களாக எண்ணிக் கொண்டே வந்திருக்கிறது. இயந்திரத்தின்மேல் பழி சொல்ல வழியில்லை. 6,000 ரூபாய் கொடுத்து ஒரே ஒரு சேலை விற்றிருந்தோம். அந்த ஒரு சேலையில், துணி, சாயம், கூலி, தபால் எல்லாம் போகத் தமக்கையாருக்கு நிற்பது 400 ரூபாய்.

அடகில் இருந்த வளையலை நினைத்துக் கொண்டோம். அத்தான் இருந்த காலத்தில் செய்து போட்டது. நாம் தலை குனிந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னோம், ஆசிரியர் அறை உள்பட. தமக்கையார் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்துக் கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வந்தவர்கள் எல்லாம் யார் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"ஆள் யார் என்று தெரியாது, அக்கா. என்ன எழுதித் தேடினார்கள் என்ற ஜாபிதா இருக்கிறது. அதுவும் முழுமையாக இராது."

"அதைக் கொண்டு வா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாபிதாவை அச்செடுத்துக் கொண்டு போனோம். தமக்கையார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, பென்சிலும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நடந்ததை நாம் ஆயுள் உள்ள வரையில் மறக்க மாட்டோம். அத்தானுடன் கடையில் நின்று முப்பது வருஷம் சேலையை விரித்து விரித்துக் காட்டிய அநுபவம் முழுவதும் அந்தப் பென்சில் முனையில் வந்து நின்றது.

"'சுங்குடி சேலை மொத்த விலை' என்று கேட்டிருக்கிறான். இவன் கடைக்காரன், அச்சுச் சேலைக்கு வந்தவன். அடி. 'சேலை கட்டுவது எப்படி.' பாவம், சின்னப் பெண். கற்றுக் கொண்டு போகட்டும். அடி. 'சுங்குடி சேலைக்கு ஏற்ற பிளவுஸ் டிசைன்.' இவளுக்குச் சேலை ஏற்கெனவே பீரோவில் இருக்கிறது. அடி. 'சுங்குடி வரலாறு.' இது உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த வேலை. '300 ரூபாய்க்குள் காட்டன் சேலை.' இவள் நல்லவள்தான். நம்மிடம் வந்தால் அவளுக்கும் வருத்தம், நமக்கும் வருத்தம்."

ஐந்தில் நாலு வரிகளைப் பென்சில் அடித்துக் கொண்டே போயிற்று. நாமும் பழகிவிட்டோம். 'சுங்குடி சாயம் போகுமா' என்ற வரி வந்ததும், "இதையும் அடித்துவிடலாம் அக்கா, குறை சொல்ல வந்தவர்" என்றோம்.

தமக்கையார் பென்சிலை உயர்த்தி நம்மைத் தடுத்தார். "அடிக்காதே. இவள்தான் வாங்க வந்தவள். வாங்குகிற எண்ணம் இல்லாதவளுக்குச் சாயம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? மனசில் சேலையை எடுத்து வைத்துக் கொண்டுதான் பயப்படுகிறாள்."

பி.எஸ்ஸி., பி.எட்., என்று நம் பெயருக்குப் பின்னால் எழுதிக் கொள்கிறோமே, அதில் எந்த எழுத்திலும் இந்த ஞானம் இல்லை.

அன்று பிற்பகலே திருத்தங்கள் ஆரம்பமாயின. சொற்களைப் பரந்த பொருளில் எடுத்துக் கொள்ளும்படி விட்டுவிட்டதுதான் முதல் தவறு. அப்படி விட்டால், நாம் எழுதிய சொல்லோடு உறவு கொண்டாடும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் போய் நிற்கும். இப்போது சொற்றொடர் அப்படியே வர வேண்டும், அல்லது அதே பொருளுடைய தேடலாக இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினோம். 'கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி', 'ஒரிஜினல் மதுரை சுங்குடி', 'சுங்குடி சாயம் போகுமா' என்று பன்னிரண்டே சொற்றொடர்கள். தமிழிலும் எழுதினோம், ஆங்கிலத்திலும் எழுதினோம். கூகிள் விளம்பரம் 2018ஆம் வருஷத்திலிருந்து தமிழையும் ஏற்றுக் கொள்கிறது.

பென்சிலால் அடித்தவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்தோம். இந்தச் சொல் வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதற்குத் தொழிலில் 'நெகட்டிவ் கீவேர்டு' என்று பெயர். மொத்த விலை, இலவசம், பிளவுஸ், பிரிண்ட், வரலாறு என்று நீண்டது அந்த ஜாபிதா. இதிலும் நாம் ஒரு தடவை சறுக்கினோம். 'எப்படி' என்ற சொல்லை விலக்கிவிட்டோம். 'சுங்குடியை எப்படித் துவைப்பது' என்று கேட்பவரும் அதனால் விலகிப் போவார் என்று தமக்கையார்தான் எடுத்துக் காட்டினார். களை பிடுங்குகிற கைக்கும் பயிரைத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பிறகு, நாம் படிக்காமலே ஒப்புக் கொண்ட விடைகளைப் பார்த்தோம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டுமின்றி, இந்தியாவில் அக்கறை உள்ளவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டலாம் என்று குறியிட்டிருந்தது. தமக்கையாரோ வெளிநாட்டுக்குச் சேலை அனுப்புவதில்லை. தேடல் பக்கத்தோடு நில்லாமல், பிறருடைய தளங்களிலும் விளையாட்டுச் செயலிகளிலும் விளம்பரத்தைக் காட்டலாம் என்றும் குறியிட்டிருந்தது. சேலை வாங்குகிற விரல் வேறு, பலூன் உடைக்கிற குழந்தையின் விரல் வேறு. இரண்டு குறிகளையும் எடுத்துவிட்டோம்.

விளம்பரத்தின் வாசகத்தையும் தமக்கையார் மாற்றச் சொன்னார். தலைப்பு ஒன்றுக்கு முப்பது எழுத்துகளே இடம். தந்தி கொடுத்த காலத்துச் சிக்கனம் அதற்கு வேண்டும். நாம் முதலில் 'மனங்கவரும் மதுரைச் சேலைகள்' என்று கவிதை எழுதியிருந்தோம். தமக்கையார் சொன்னது இரண்டே விஷயம்: 'அச்சல்ல, கைமுடிச்சு' என்று ஒரு தலைப்பு, '1,450 ரூபாய் முதல்' என்று ஒரு தலைப்பு. "விலையைப் பார்த்தால் ஓடிவிடுவார்களே, அக்கா" என்றோம். "வாசலிலேயே ஓடட்டும். உள்ளே வந்து ஓடினால்தானே 6 ரூபாய்?" என்றார். சாயத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்காகத் தளத்தில் தனிப்பக்கம் ஒன்று எழுதினோம். முதல் சலவையைத் தனியாக உப்புத் தண்ணீரில் அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள், முதலில் கொஞ்சம் சாயம் இறங்கும் என்று உண்மையையே எழுதினோம். நேரத்தையும் குறைத்தோம். பிற்பகல் ஒரு மணி முதல் மூன்று வரை, இரவு எட்டு முதல் பதினொன்று வரை. வீட்டுவேலை ஓய்ந்து பெண்கள் சேலை பார்க்கும் நேரம் அதுதான் என்பது தமக்கையாரின் தீர்ப்பு.

கணக்கு வாத்தியாருக்கு மிஞ்சிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு சேலையில் நிற்பது 400 ரூபாய். வருகிறவர்களில் ஐம்பதில் ஒருவர் வாங்கினால், ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய் வரை கொடுத்தால் முதலுக்கு மோசமில்லை. நூற்றில் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் 4 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நஷ்டம். இருபத்தைந்தில் ஒருவர் வாங்குவாரானால் 16 ரூபாய் கூடக் கொடுக்கலாம். மலிவான கிளிக் நல்லது என்பதும், விலை உயர்ந்த கிளிக் கெட்டது என்பதும் பிரமை. வாங்காதவரின் 6 ரூபாயைவிட வாங்குகிறவரின் 9 ரூபாய் மலிவு. வளையலை அடகு வைப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கை, ஒரு மாதம் கழித்துப் போட்டோம்.

தினசரி வரம்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, மாதத்துக்கு வரி உட்பட 3,000 ரூபாய் என்று நிறுத்தினோம். ஆடி மாதத்தில் 4 சேலை விற்றது. அதிலும் நஷ்டம் 1,400 ரூபாய். ஆவணியில் 9 சேலை. விளம்பரச் செலவு போக 600 ரூபாய் நின்றது. புரட்டாசியில் 11 சேலை. நின்றது 1,400 ரூபாய். ஆனியிலும் ஆடியிலும் தொலைத்த 7,000 ரூபாயில் இது வரை மீண்டது 2,000 ரூபாய்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இந்தத் தொழிலில் கிடைத்த லாபத்தை மட்டும் சொல்லுகிறவர்கள் அதிகம்.

பற்றுவரவில் நாம் எதிர்பாராத இன்னொரு வரியும் இருந்தது. தமக்கையார் ஃபோனிலும் வாட்ஸப்பிலும் பேசுகிற ஒவ்வொருவரிடமும், "எங்களை எப்படித் தெரிந்து கொண்டீர்கள், அம்மா?" என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ஆவணியில் வாங்கியவர்களில் மூன்று பேர் புரட்டாசிக்குள் மறுபடி வாங்கினார்கள். ஒருவர் தம் நாத்தனாருக்கும் சொல்லி வாங்க வைத்தார். இந்த நாலு சேலையும் மேலே சொன்ன கணக்கில் சேராதவை. இவற்றுக்கு ஒரு கிளிக்கும் இல்லை, ஒரு காசும் இல்லை. முதல் சேலையைத்தான் ஏலத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது சேலையைச் சேலையே விற்றுக் கொள்ளும். பூக்கடைப் பழமொழி பொய்யல்ல, வாசலைக் கண்டு கொண்ட பிறகு அது மெய் என்று தெரிந்து கொண்டோம்.

நிற்க. தளத்தைத் திறக்கும்போதெல்லாம், வரம்பை உயர்த்துங்கள், சொற்களை விரிவாக்குங்கள் என்று யோசனைகள் வந்தவண்ணம் இருக்கும். சில யோசனைகளை நம்மைக் கேளாமலே அமலுக்குக் கொண்டு வரும் ஏற்பாடும் உண்டு. அது வேண்டாம் என்றால் நாம்தான் நிறுத்தி வைக்க வேண்டும். யோசனைகளில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் நாம் அதிகம் செலவழித்தால் யோசனை சொல்லுகிறவருக்கும் லாபம் என்பதை மட்டும் மறக்கலாகாது. மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் முதல் இடத்தில் கொண்டு போய் உட்கார வைப்பதாக ஒருவர் ஃபோனில் பேசினார். தமக்கையார் அவரிடம், "முதல் இடத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? என்னிடம் மாதம் இருபது சேலைதானே இருக்கிறது?" என்று கேட்டார். மனிதர் பதில் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த வியாசம் முழுவதற்கும் சாரம் என்று நமக்குத் தோன்றுகிறது. சிறிய பணத்தை வைத்துக் கொண்டு பெரிய உலகத்தைக் கூப்பிடப் போனதால் ஏமாந்தோம். இருபது சேலைக்கு இருபது பேர் போதும். அந்த இருபது பேர் யார், அவர்கள் என்ன வார்த்தை சொல்லிக் கேட்பார்கள், அவர்களுடைய பயம் என்ன என்று தெரிந்து கொண்டால், தினம் 100 ரூபாயும் பெரிய தொகையே. தெரியாதவனுக்கு லட்சமும் கைப்பிடி மணல்தான்.

ஐப்பசி பிறந்ததும், தீபாவளிக்காகப் பெரிய கடைகளெல்லாம் ஏலத்தில் இறங்க, 9 ரூபாய்க் கிளிக் 17 ரூபாயாயிற்று. தமக்கையார் விளம்பரத்தைப் பதினைந்து நாள் நிறுத்தச் சொல்லிவிட்டார். பழைய வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸப்பில் புதுச் சேலைகளின் படங்களை அனுப்பினார். பீரோவில் இருந்தவை அத்தனையும் போயின.

2025ஆம் வருஷம் வைகாசியில் வளையல் பாங்கிலிருந்து திரும்பி வந்தது. முழுவதும் விளம்பரத்தால் வந்தது என்று சொன்னால் அது பொய். நாலு பெண்களின் விரல்களால் வந்தது. முப்பது வருஷம் கடையில் நின்ற கால்களால் வந்தது. விளம்பரம் வழி காட்டியது, அவ்வளவுதான்.

இப்போது நாம் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாபிதாவை அச்செடுத்துக் கொண்டு போகிறோம். தமக்கையார் பென்சிலால் அடிக்கிறார். நாம் எழுத்து வேலை பார்க்கிறோம். சென்ற வாரம் ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், "என்ன ஐயா, அக்கா கடை இப்போது கூகிளில் முதலாவதாக வருகிறதா?" என்று கேட்டார்.

"மூன்றாவதாக வருகிறது. முதலாவதாக வர நமக்குக் கட்டுபடியாகாது" என்றோம்.

நண்பர் கைபேசியை எடுத்தார். நாம் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கொண்டோம்.